முப்பத்தாறு வருஷம் சொல்லாத பெயர்

போன வாரம் இவர்களை டோலோன் கணவாயின் உச்சியில், பனியில் சறுக்கிய மினிபஸ்ஸோடு விட்டுவிட்டு வந்தோம். பயந்துபோனவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம். குபானிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினான், வாயில் வந்த வசவையெல்லாம் வானத்துக்கு அனுப்பினான், வண்டியைக் கீழே இறக்கினான். காலை பத்து மணிக்கு நாலு பேரும் கிர்கிஸ் தலைநகரான பிஷ்கெக்கில், மூளை ஆராய்ச்சி நடக்கும் அந்த மஞ்சள் கட்டடத்தின் நடைக்கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. உல்கானுக்கு ஐம்பத்தேழு வயது. ஜனவரியில் தொழுவத்தின் கூரைமேல் அடுக்கியிருந்த வைக்கோலை இழுக்கப் போய், உறைந்து கிடந்த தரையில் தலைகுப்புற விழுந்தவள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. குபானிச் அவளுடைய மகன். சல்கின் அவன் மனைவி, இந்தக் கதையில் நாம் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவள். நாலாவது ஆள் உல்கானின் வீட்டுக்காரர். கல்பாக் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் பெய்ஷெனலி. நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்படவில்லை, அதனால் பட்டென்று சொல்லிவிட்டேன்.

சல்கின் சொல்ல மாட்டாள். ஏழு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் வாய் தவறியிருக்கிறது. கல்யாணமான புதிதில் கரண்ட் பில்லை உரக்கப் படித்தவள், மாமனார் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டாள். மேஜைக்கு அடியில் மாமியார் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், பத்து நாளைக்கு அந்த இடம் நீலம் பாரித்துக் கிடந்தது. மாமனார் காதில் விழாத மாதிரி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

உல்கான் மட்டும் லேசுப்பட்டவளா என்ன? புருஷன் பெயர், மாமனார் பெயர், புருஷனுடைய அண்ணன்மார் பெயர், ஒன்றையும் முப்பத்தாறு வருஷமாக நாக்கில் ஏற்றியதில்லை. எல்லாருமே அவளுக்கு "குபானிச்சோட அப்பா", "மேல் வீட்டுப் பெரியவர்", "குதிரைக்காரர்" தான். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவன் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள்.

"உங்களுக்கே தெரியாதாம்மா?" என்று அவன் சிரித்தான்.

"தெரியறதாலதாண்டா சொல்லலை!" என்றாள் உல்கான். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

இப்போது அவள் ஒன்றும் பேசாமல், மடியில் வைத்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் ஒருமுறை சல்கினை "அண்ணி" என்று கூப்பிட்டாள். தூக்கக் கலக்கம் என்று சல்கின் விட்டுவிட்டாள்.

பக்கத்து பெஞ்சில் தலாஸிலிருந்து வந்த அய்பிகே. இருபத்துநாலு வயசு. அவள் புருஷன் குதிரைமேல் ஏறி ஆடும் கோக்-போரு ஆட்டத்தில் குதிரையோடு சேர்ந்து விழுந்தவன். பத்து மாதமாகப் பேச்சு சரியாக வரவில்லை. சல்கின் துணி முடிச்சை அவிழ்த்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியை நீட்டினாள்.

"சாப்பிடு. வெறும் வயித்தோட உக்காந்திருந்தா மட்டும் நல்ல சேதி வந்துடுமா?"

"இறங்க மாட்டேங்குது அக்கா. ஒரு படுக்கைதானாமே?"

சல்கின் தலையாட்டினாள். அதுதான் இன்றைக்கு எல்லார் நெஞ்சிலும் உட்கார்ந்திருந்த பாரம். தலையில் அடிபட்டவர்களில் யாருக்கு மூளை திரும்ப வேலை செய்யப் பழகுகிறது, யாருக்கு அந்த அடியின் வழியாகவே மறதி நோய் உள்ளே நுழைகிறது என்று ஆறு வருஷமாக இங்கே ஆராய்கிறார்கள். ஏறுமுகமாக இருப்பவர்களை மூன்று மாதம் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். இறங்குமுகமாக இருப்பவர்களை வருஷத்துக்கு ஒருமுறை வரச்சொல்லிக் குறித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் குளிர்காலத்துக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். ஏப்ரல் சோதனையிலிருந்து யார் அதிகம் ஏறியிருக்கிறார்களோ அவர்களுக்கு.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள் சல்கின்.

"போன வாரம் 'தண்ணி'ன்னார். தெளிவா. நான் குடத்தோட ஓடினேன், ஒரு டம்ளர் போதும்னு சைகை காட்டறார்." அய்பிகே சிரித்தாள். சிரித்த கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் கதவு திறந்து உல்கானைக் கூப்பிட்டார்கள். கூட யாரும் வரக்கூடாது. வீட்டாள் பக்கத்தில் நின்றால் கண்ணைக் காட்டியாவது விடையை எடுத்துக்கொடுத்துவிடுகிறார்களாம். ஏப்ரலிலும் இப்படித்தான் கதவைச் சாத்தினார்கள்.

முக்கால் மணி நேரம். குபானிச் நடைக்கூடத்தை அளந்தான். அவனுக்கு அம்மா என்றால் உயிர். அன்றைக்கு வைக்கோலைத் தான் இழுத்துப் போட்டிருக்க வேண்டும், வண்டிச் சவாரி கிடைத்தது என்று போய்விட்டோமே என்ற குத்தல் பத்து மாதமாக அவனை அரித்துக்கொண்டிருந்தது. மாமனார் மட்டும் அசையவில்லை.

டாக்டர் லாரிசா கிம் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள். கொரிய வம்சம், பிஷ்கெக்கிலேயே பிறந்து வளர்ந்தவள். கிர்கிஸ் மொழி நன்றாகவே பேசுவாள். நல்ல மனசுக்காரி. ஆனால் கிர்கிஸ் மாமியாரோடு ஒரு நாளும் குடித்தனம் பண்ணியதில்லை.

"ஏப்ரல்ல பதினாலு. இன்னிக்கு இருபத்தொண்ணு," என்றாள். அவள் முகமே மலர்ந்திருந்தது. "ஏழு புள்ளி. நான் இவ்வளவு எதிர்பார்க்கலை."

குபானிச் எழுந்து நின்றுவிட்டான். "அம்மா!" என்று உல்கானின் தலையைக் கட்டிக்கொண்டான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அவன் முதுகைச் சும்மா தட்டிக்கொடுத்தாள்.

"கடிகாரம் வரையறது, தேதி சொல்றது எல்லாம் ஏப்ரல் மாதிரியேதான் இருக்கு," என்றாள் டாக்டர். "நீங்க கொண்டுவந்து கொடுத்த பழைய போட்டோக்கள்தான் ஆச்சரியம். போன தடவை பன்னெண்டுல அஞ்சு பேர் பேர்தான் சொன்னாங்க. இன்னிக்குப் பன்னெண்டுக்குப் பன்னெண்டு. தடங்கலே இல்லை."

மாமனார் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "நான் இவளைக் கொஞ்சம் காத்தாட கூட்டிட்டுப் போறேன்," என்று உல்கானைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப்போனார். மகன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சல்கின் மேஜையிலிருந்த தாளின்மேல் குனிந்தாள்.

"டாக்டர், போன தடவை சொல்லாம விட்ட ஏழு பேர் யார் யாரு?"

டாக்டர் பழைய தாளைத் திருப்பிக் காட்டினாள். உல்கானின் அம்மா, அக்கா, மூன்று தம்பிகள், ஐந்துக்கும் சரி என்று குறி. மற்ற ஏழும் தப்பு. சல்கின் விரலை வைத்துப் பார்த்தாள். மாமா. மாமாவின் அப்பா. மாமாவின் பெரியப்பா. மாமாவின் நாலு அண்ணன்மார். ஓரத்தில் டாக்டர் எழுதியிருந்தாள்: 'பெயர் நினைவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சமாளிக்கிறார்.'

ஐயோ, அத்தை!

ஏப்ரலில் அத்தைக்கு ஏழு பெயரும் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் வாயைப் பொத்தியிருக்கிறாள். பன்னிரண்டு பேரையும் அடையாளம் கண்டு, தான் யார், எந்த வீட்டு மருமகள், எந்தப் பெயரைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது வரைக்கும் நினைவோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதற்குத்தான் ஏழு சைபர். அந்த ஏழும் சேர்ந்திருந்தால், விழுந்து மூன்றே மாதத்தில் இவ்வளவு தேறியவள் என்று படுக்கை அன்றைக்கே கிடைத்திருக்கும். சல்கின் கதவுக்கு வெளியே சும்மா நின்றுகொண்டிருந்தாள். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"இன்னிக்கு எப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டாள் சல்கின்.

"சந்தோஷமா. ஒவ்வொரு படத்து மேலயும் விரலை வெச்சு வெச்சு. பக்கத்துல நிக்கறவங்களைக் கூப்பிடற மாதிரி." டாக்டர் தாள்களை அடுக்கினாள். "மூணு மணிக்குள்ள சம்மதப் படிவத்துல மகன் கையெழுத்துப் போடணும். தலாஸ்காரங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். அந்தப் பையனுக்கு நாலு புள்ளிதான் ஏறியிருக்கு, அடுத்த வருஷம் பாக்கலாம்."

வெளியே வந்ததும் குபானிச் போனை எடுத்து ஊரில் ஒருத்தர் விடாமல் சொல்ல ஆரம்பித்தான். சல்கின் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு நிமிஷம் கேளுங்க. அத்தை அந்தப் பேரையெல்லாம் சொல்லியிருக்காங்க."

"ஆமாண்டி! அதானே சந்தோஷம்!"

"அவங்க சொல்லவே மாட்டாங்கல்ல? உங்கப்பா பேரை நீங்க எப்பவாவது அவங்க வாயில கேட்டிருக்கீங்களா?"

குபானிச் ஒரு நொடி நின்றான். அந்த ஒரு நொடியில் அவனுக்கும் புரிந்துவிடுமோ என்று சல்கின் பயந்தாள். புரிந்தால் தேவலை என்றும் இருந்தது.

"டாக்டர் கேட்டா சொல்லித்தானே ஆகணும்?" என்றான். "இது என்ன கல்யாண வீடா? நீ எதையாவது கிளறி வெக்காத, சல்கின். உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். பத்து மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் எனக்கு மூச்சு விட முடியுது."

ஆம்பளை. அவன் வாயை அந்த வழக்கம் ஒரு நாளும் கட்டியதில்லை. அது கட்டவிழ்ந்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? சல்கின் முற்றத்துக்கு இறங்கினாள்.

மரங்கள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. உல்கான் ஒரு பெஞ்சில். மாமனார் நாலடி தள்ளி இன்னொரு பெஞ்சில், தனியாக. எதற்கு இவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறார்? சல்கின் மாமியாரை ஒட்டி உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு வழிதான் அவளுக்குத் தெரிந்தது. தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள். தொடையை இறுக்கிக்கொண்டாள்.

"அத்தை. பெய்ஷெனலிக்குப் பசிக்குதாம்."

கிள்ளுங்கள் அத்தை. ஏழு வருஷத்துக்கு முன்னால் கிள்ளினீர்களே, அதைவிட அழுத்திக் கிள்ளுங்கள். வெட்கங்கெட்டவளே என்று இந்த ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துங்கள். டாக்டர் சொன்னது அப்படியே இருக்கட்டும், நான் வீணாகப் பயந்தவளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

கை வந்தது. ஆனால் கிள்ளவில்லை. சல்கினின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது. உல்கானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வந்துட்டானா? எங்க? மெதுவாப் பேசுங்க அண்ணி, அப்பா காதுல விழுந்தா கொன்னே போட்டுடுவார்."

சல்கின் அந்த விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இதைப் பாத்தீங்களா?" உல்கான் காதைத் தொட்டுக் காட்டினாள். முப்பத்தாறு வருஷமாக அதே காதில் கிடக்கிற வெள்ளித் தோடு. "நிச்சயத்துக்கு அவன் அம்மா வந்து போட்டுட்டுப் போனாங்க. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி கூட்டிட்டுப் போறேன்னான். இன்னும் காணோம்." பிறகு சல்கினின் காதருகே குனிந்தாள். "அந்தப் பெரியவர் யாரு? காலையிலேர்ந்து நம்மளையே பாத்துட்டிருக்கார். பக்கத்துல உக்காந்தார், நான்தான் தள்ளி உக்காரச் சொன்னேன். பாவம், யாருமே இல்லாதவர் போலிருக்கு."

நாலடி தூரம். அவர் காது நன்றாகவே கேட்கும்.

சல்கின் எழுந்துபோய் அவர் முன்னால் நின்றாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிடுங்க மாமா. உங்க பேரை நான்..."

"பரவாயில்லம்மா. அது என் பேருன்னு உனக்காவது தெரியுதே."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலு நாளா." தொப்பியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே பேசினார். "திங்கட்கிழமை கொல்லையில நின்னுட்டிருந்தேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. முப்பத்தாறு வருஷத்துல முதல் தடவை. சின்ன வயசுல எவ்வளவு கெஞ்சியிருக்கேன் தெரியுமா, ஒரே ஒரு தடவை சொல்லேன்னு. சொன்னதில்லை. அன்னிக்குக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு, சல்கின். திரும்பினேன். அவ என்னைப் பாக்கலை. எனக்குப் பின்னாடி வாசலைப் பாத்துக் கூப்பிட்டுட்டிருக்கா."

அவர் அழுதார். மருமகள் முன்னால் அழுகிறோமே என்று முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லலை?"

"சொன்னா படுக்கை கிடைக்காது. மூணு மாசம் இங்க வெச்சிருந்தா அவளைத் திருப்பிக் கொண்டாந்துடுவாங்களோன்னு ஒரு நப்பாசை. ஏப்ரல்ல அஞ்சு பேரைத்தான் சொன்னான்னு டாக்டர் சொன்னதும்தான் புரிஞ்சுது, என் பேரை அவ சொல்லலைன்னு. அன்னிக்கு என்னைத் தெரிஞ்சிருக்கு அவளுக்கு." "என்ன பண்றதுன்னு நீ சொல்லு. எனக்கு மூளையே ஓடலை."

உள்ளே ஒருத்தி ஒரு டம்ளர் தண்ணீர் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அழுதாள். வெளியே ஒருவர் பெண்டாட்டி எதிரிலேயே உட்கார்ந்து பெண்டாட்டிக்காக அழுகிறார். நடுவில் ஒரே ஒரு படுக்கை.

அப்போது உல்கான் எழுந்து அவர்களிடம் வந்தாள். தலைத்துணியை மரியாதையாக இழுத்துவிட்டுக்கொண்டாள். முன்பின் தெரியாத பெரியவரிடம் பேசுகிற பெண் எப்படிப் பேசுவாளோ, அப்படி.

"ஐயா, அழாதீங்க. நீங்க மேல் ஊரா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமாம்மா. மேல் ஊர்தான்."

"அப்ப பெய்ஷெனலியைத் தெரியுமே உங்களுக்கு! பாத்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. உல்கான் எல்லாம் கட்டி வெச்சுத் தயாரா இருக்கா, சீக்கிரம் வரச் சொன்னான்னு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்றேம்மா."

"மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்."

உல்கான் திருப்தியாகத் திரும்பிப்போய் தன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் கை வைத்து, கேட்டைப் பார்த்து.

மாமனார் சல்கின் பக்கம் திரும்பினார். "போம்மா. டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிடு. ஏப்ரலையும் சொல்லு, இன்னிக்கையும் சொல்லு. தெரிஞ்சுக்கட்டும். இனிமே வர்ற எந்தப் பொம்பளைக்கும் அந்த ஏழு சைபர் விழ வேண்டாம். நான் இவ கூட இருக்கேன். தள்ளித்தான் உக்காரணும், பரவாயில்லை."

சல்கின் படியேறினாள். நடைக்கூடத்தில் குபானிச் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டிருந்தான். பேனா இன்னும் கையில் இருந்தது. இவளைப் பார்த்ததும் சிறுபிள்ளை மாதிரி தாளை ஆட்டிக் காட்டினான். அந்தப் பக்கம் அய்பிகே, புருஷன் தோளில் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, தன் துணி மூட்டைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். யார் மேலும் அவளுக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"நாங்க கிளம்பறோம் அக்கா," என்றாள். "உங்க மாமியார் நல்லா ஆகிடுவாங்க."

"போகாத, அய்பிகே," என்றாள் சல்கின். "முடிச்சை அவிழு. உக்காரு."

குபானிச்சின் கை அப்படியே நின்றது. "என்னடி சொல்ற?"

சல்கின் டாக்டரின் கதவில் கை வைத்தாள். எந்தப் பெயரை உங்கள் மாமியார் சொல்லியிருக்கக் கூடாது என்று டாக்டர் கேட்பாள். புருஷன் காதில் விழ, மாமனார் பெயரைச் சல்கின் இன்னொரு தடவை சொல்லியாக வேண்டும்.